கையைத் தூக்கினால் நகரும் கோடு

இடது மார்பில் கட்டி இருப்பதை ஒரு வெள்ளிக்கிழமை குளிக்கும்போது கண்டுபிடித்தேன். கடிகார முகத்தை வைத்துச் சொன்னால் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், காம்பிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி. அன்றைய நாட்குறிப்பில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பயந்தேன் என்று எழுதவில்லை. அளவை எழுதிவிட்டால் எதுவும் கைக்குள் அடங்கிவிடும் என்று அந்த நாளில் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் வேலை அப்படி. கோவில்பட்டியில் நில அளவை அலுவலகத்தில் நான் வரைவாளர். நிலங்களின் எல்லையைக் காட்டும் பழைய புலப்படங்கள் மடிப்பில் கிழிந்தோ மங்கியோ வந்தால், அவற்றைப் புதுத்தாளில் வரைந்து கொடுப்பேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது, சர்வீஸ் இருபத்திரண்டு வருடம்.

இப்போது எங்கள் பக்கத்திலிருந்து கதிர் சிகிச்சைக்குப் போகிற பெண்கள் யாராவது விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது வலிக்குமா என்பதைத்தான். வலிக்காது. எக்ஸ்ரே எடுத்தால் எப்படி ஒன்றும் தெரியாதோ அப்படித்தான். வலிக்காத ஒன்றில் தப்பு நடந்தால் நமக்குத் தெரியவும் தெரியாது. நான் சொல்ல வேண்டியது அதைத்தான். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளில் அலுவலகத்தில் வரைந்த தாள்களைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒரு கோட்டிலும் பிசகில்லை. வீட்டில்தான் உட்கார முடியவில்லை. அடுக்கிய பாத்திரத்தை மறுபடி அடுக்கினேன். பீரோவைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். என் கணவருக்கு மார்க்கெட் ரோட்டில் விதை, உரக் கடை. சாப்பிட வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏட்டி ராஜி, உக்காரு. நீ நடக்க நடக்க எனக்குத் தல சுத்துது" என்றார். பிறகு அவரும் உட்காராமல் என்னோடு கூடவே நடந்தார்.

முடிவு புற்றுநோய் என்று வந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. மார்பை முழுதும் எடுக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் அக்குளிலிருந்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீதம் ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது. தெருவில் எல்லோருக்கும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தோம். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் வருகிற ஜாதகமும் வாசலோடு திரும்பிவிடும் என்று இருவரும் பயந்தோம்.

மார்பை மிச்சம் வைத்தவர்களுக்குக் கதிர் சிகிச்சை கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஏதாவது தங்கியிருந்தால் அவற்றைக் கொல்லத்தான் அது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு தடவை, ஐந்து வாரம், மொத்தம் இருபத்தைந்து. ஒவ்வொரு தடவையும் இரண்டு கிரே. உடம்பின் ஒரு கிலோ சதை எவ்வளவு கதிர் ஆற்றலை உள்வாங்குகிறது என்பதற்கான அளவுதான் கிரே. ஐம்பது கிரேயையும் ஒரே நாளில் கொடுத்தால் நல்ல சதையும் பிழைக்காது, அதனால்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா.

"இடது பக்கமில்லையா," என்றார் அடுத்து. "அதனால கொஞ்சம் பாத்துப் போடணும். பின்னாடி இதயம் இருக்கு."

அந்த ஒரு வாக்கியம் பிறகு என்னை விட்டுப் போகவேயில்லை.

முதலில் உடம்பின் அளவெடுப்பு. சாய்வான ஒரு பலகையில் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கொம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நிலையிலேயே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் இம்மி பிசகாமல் இதே நிலையில் படுத்தால்தான் கதிர் அதே இடத்தில் விழும். அதற்குத் தோலில் அடையாளம் வேண்டும்.

"நாலு இடத்துல சின்னதா மையால குத்திருவோம்மா, பச்சை குத்துற மாதிரி. கடுகளவுதான். அழியாது," என்றார் டெக்னீசியன். முப்பது வயதிருக்கும், அவசரக்காரர்.

"அழியவே அழியாதா?"

"அழியாது."

"அப்ப வேண்டாம்."

ஒரு புள்ளி நடு நெஞ்செலும்பின் மேல், ரவிக்கைக் கழுத்துக்குச் சற்றே மேலே வருவதாக இருந்தது. நாளைக்குச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் பார்த்தால் இது என்ன என்று கேட்பார்கள். அதை மட்டுந்தான் யோசித்தேன். எனக்கு அடுத்து அளவெடுப்புக்குக் காத்திருந்தவள் கோமதி. கழுகுமலைக்காரி, முப்பத்தெட்டு வயது, தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. அவளுக்கும் இடது பக்கம்தான். ஆஸ்பத்திரிக்கு வரப் போக ஒரே பஸ் என்பதால் மருந்து ஏற்றிய நாட்களிலேயே பழக்கமாகியிருந்தாள்.

"எக்கா வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்," என்றாள். "ஆபீஸ் உத்தியோகம் பாக்கவிய, வெவரம் இல்லாமயா சொல்லுதாவ?"

எங்கள் இருவருக்கும் ஊதா மையால் கோடு போட்டார்கள். எனக்கு நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒன்று, விலாப் பக்கம் அக்குளுக்குக் கீழே ஒன்று, மேலும் கீழும் குறுக்கே இரண்டு. ஒரு புலத்தின் நான்கு எல்லைகள் மாதிரி. தண்ணீர் படக்கூடாது, சோப்புப் போடக்கூடாது, அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினியில் திட்டம் போட்டவர் அங்கிருந்த பிசிசிஸ்ட், அதாவது கதிரின் அளவைக் கணக்கிடுகிற இயற்பியல்காரர். ஐம்பது வயது, மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மேப் வரையறவங்களா? அப்ப வாங்கம்மா, உங்களுக்கு இது புரியும்."

திரையில் என் நெஞ்சின் குறுக்குவெட்டு. அதன்மேல் வண்ண வண்ணமாக வளைகோடுகள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்மாய்ப் படத்தில் ஒரே மட்டத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்துக் கோடு போடுவோம். இங்கே ஒரே அளவு கதிர் வாங்கும் இடங்களைச் சேர்த்துக் கோடு போட்டிருந்தார்கள். நூறு சதவீதக் கோடு, தொண்ணூற்றைந்து, ஐம்பது என்று வெளியே போகப் போக இறங்கியது.

கதிரை முன்பக்கமிருந்து நேராக அடித்தால் நுரையீரலையும் இதயத்தையும் துளைத்துக்கொண்டு போகும். அதனால் ஒன்று நடு நெஞ்சுப் பக்கமிருந்தும் இன்னொன்று விலாப் பக்கமிருந்தும், மார்புக் கூட்டை உரசிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு கதிர்கள். ஆனால் மார்பு அடியில் அகலம், நுனியில் குறுகல். சும்மா அடித்தால் நுனியில் அளவு எகிறிவிடும். அப்படி ஒரு படம் எடுத்துக் காட்டினார். காம்பை ஒட்டி ஒரு மேடு தனித் தீவாக நின்றது. அடுத்த படத்தில் கதிரின் பாதையில் வெட்ஜ் என்கிற ஆப்பு வடிவ உலோகத்தை வைத்திருந்தார்கள். தடித்த முனை காம்புப் பக்கம். மேடு நடுவில் சமன்பட்டிருந்தது. மார்பின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மட்டும் சின்னத் தீவுகள் மிச்சம். மூன்றாவது படத்தில் அந்தத் தீவுகளை மறைத்து, கதிரையே சிறு சிறு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் தட்டையாகிவிட்டது.

"போன வருஷம் வரைக்கும் நடுவுல ஒரே ஒரு குறுக்குவெட்டுதான் கையால போடுவோம். மேலயும் கீழயும் என்ன நடக்குதுன்னு ஊகம்தான். இப்ப எல்லா வெட்டும் பாக்க முடியுது," என்றார்.

நான் பார்த்தது வேறு இடத்தை. "இது இதயமா சார்?"

"ஆமா."

"ஐம்பது சதவீதக் கோடு அதுக்குள்ள போகுதே."

அவர் பேனாவால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "முன் விளிம்புல எட்டு மில்லிமீட்டர் போகுது. கதிரை ரெண்டு டிகிரி திருப்பினா இதயம் முழுக்கத் தப்பிச்சிரும். ஆனா நடு எலும்புப் பக்கம் மார்புச் சதை கொஞ்சம் விட்டுப் போகும். அதுல நோய் இருந்தா? இதுதான்மா இழுபறி. டாக்டரும் நானும் மூணு தடவை உக்காந்து பாத்துட்டோம். இதுக்கு மேல குறைக்க முடியல."

மூன்று படங்களையும் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் டிரேசிங் தாளை மேலே வைத்து, இதயத்தையும் அந்த ஐம்பது கோட்டையும் மட்டும் தனியாக எடுத்து வரைந்தேன். எட்டு மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்தால் எட்டு, எடுத்துவிட்டுப் பார்த்தால் பெரிதாகத் தெரிந்தது. என் கணவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி, நெஞ்சுக்குள்ள பட்டா போடுதியா?"

"இந்த எட்டு மில்லிமீட்டர்தான் பயமா இருக்கு."

"எட்டு மில்லின்னா எம்புட்டு?"

காட்டினேன். "மக்காச்சோள வித அகலம்," என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, அன்று கடைக்குத் திரும்பப் போகவில்லை.

தினமும் காலை ஆறு பத்துக்குக் கோவில்பட்டியில் பஸ். கழுகுமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கோமதி சேர்ந்துகொள்வாள். மதுரையில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்பதாகும். காத்திருப்பது இரண்டு மணி நேரம். சிகிச்சை எட்டு நிமிடம். அதில் ஏழு நிமிடம் என்னைப் படுக்க வைத்து, கதிர் விழப்போகும் இடத்தைக் காட்ட இயந்திரத்திலிருந்து விழும் வெளிச்சக் கட்டத்தின் ஓரத்தைத் தோலில் இருக்கும் கோட்டோடு பொருத்துவதற்கு. பிறகு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு மூடும். ஒரு ரீங்காரம், நிற்கும், இயந்திரம் மறுபக்கம் சுற்றும், மறுபடி வந்து பொருத்துவார்கள், மறுபடி ரீங்காரம். அசையாமல் கிடக்க வேண்டும். நானோ உள்ளே துடிப்பதை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு ரீங்காரத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து துடிப்பு.

அது சித்திரை மாதம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அனல், உள்ளே உட்கார்ந்தால் வேர்வை. இரண்டாம் வாரம் விலாப் பக்கக் கோடு மங்கத் தொடங்கியது. டெக்னீசியன் தினமும் மேலே மை பூசினார். வியாழக்கிழமை கோபப்பட்டார்.

"என்னம்மா இப்படி அழிச்சுட்டு வர்றீங்க? கோடு போச்சுன்னா திரும்ப முதல்லருந்து அளவெடுக்கணும். ஒரு வாரம் தள்ளிப் போகும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? நடுவில் இடைவெளி விட்டால் மிச்சச் செல்கள் தலை தூக்கும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விலாப் பக்கம் துணி உரசாமல் கையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டே திரிந்தேன். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கண்ணாடியில் பார்த்தால், விலாக் கோட்டில் மேலே இரண்டு துணுக்கும் கீழே மூன்று துணுக்கும்தான் மிச்சம். நடுவில் ஏழு சென்டிமீட்டர் சுத்தமாக இல்லை.

மங்கிய கோட்டைப் புதுப்பிப்பதுதான் என் தொழில். அழியாத மையுள்ள மெல்லிய மார்க்கரை எடுத்தேன். வளையக்கூடிய பிளாஸ்டிக் ஸ்கேலை உடம்போடு ஒட்டி வைத்து, மேல் துணுக்கையும் கீழ் துணுக்கையும் சேர்த்து ஒரே இழுப்பில் கோடு போட்டேன். அரை மில்லிமீட்டர் தடிமன், ஒரு நடுக்கமும் இல்லை.

"இன்னைக்குத்தாம்மா கோடு கோடா இருக்கு," என்றார் டெக்னீசியன். யார் போட்டது என்று கேட்கவில்லை. வேறு ஷிப்டில் யாரோ போட்டதாக நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை. அன்றைய நாட்குறிப்பில், "கோடு நன்றாக அமைந்தது" என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்று அதைப் படிக்கக் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை உடை மாற்றும் அறையில் கோமதி அதைப் பார்த்துவிட்டாள்.

"எக்கா, ஒங்களுக்கு மட்டும் எப்படி இம்புட்டுப் பளிச்சுன்னு இருக்கு?"

சொன்னேன். அவள் தன் விலாவைக் காட்டினாள். கோடு போன இடமே தெரியவில்லை. ஊதாக் கறை மட்டும்.

"எனக்கும் போட்டு விடுங்க. இன்னொரு வாரம் தள்ளுச்சுன்னா நான் வர மாட்டேன், சொல்லிட்டேன். எங்க மாமியா இப்பவே, கட்டிதான் போயிருச்சே, இன்னும் எதுக்குட்டி மதுரைக்கு அலையுதங்குதாவ. நின்னுட்டேன்னா பெறகு அனுப்ப மாட்டாவ." கொஞ்சம் பொறுத்து, "யார்ட்டயும் சொல்லப்பிடாது. சத்தியம் பண்ணுங்க," என்றாள்.

சத்தியம் செய்தேன். புதன்கிழமை பஸ்ஸுக்கு முன்பே அவள் என் வீட்டுக்கு வந்தாள். அவளை நிற்க வைத்து, கையைச் சற்று விலக்கிப் பிடிக்கச் சொல்லி, அதே ஸ்கேல், அதே மார்க்கர்.

"எக்கா, கூசுது."

"அசையாதே. கோணிரும்."

அந்தப் புதன் எனக்குப் பதின்மூன்றாவது நாள். வாரம் ஒரு முறை கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்று இயந்திரத்திலேயே ஒரு படம் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு அன்று எடுத்தார்கள். சிகிச்சையும் முடிந்தது. உடை மாற்றப் போன என்னை, ஆஸ்பத்திரி அங்கியோடு இருக்கும்போதே பிசிசிஸ்ட் கூப்பிட்டார். கழுவிய படம் விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்தது. பக்கத்தில் போன வாரத்துப் படம்.

"இந்தக் கறுப்புப் பிறை தெரியுதா? கதிருக்குள்ள மாட்டுற நுரையீரல். போன வாரம் ஒண்ணு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர். இன்னைக்கு ரெண்டு புள்ளி ஒன்பது." பேனா முனையைப் படத்தின் கீழே ஒரு வெள்ளை வளைவில் வைத்தார். "இது இதயம்."

நான் படத்துக்கு இன்னும் கிட்டே போனேன்.

"விலாப் பக்கக் கோடு யாரும்மா போட்டது?"

"நான்தான் சார்."

"எப்படிப் போட்டீங்க? நின்னுக்கிட்டா?"

"கண்ணாடி முன்னால நின்னு."

"கை?"

இடது கையைப் பார்த்தேன். அது என் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் தாழ்வாரத்தில் நர்ஸ் கூப்பிட்ட பெயர் என் காதில் திரும்ப ஒலித்தது. நான் இந்த அறைக்குள் நுழையும்போது கூப்பிட்டது. கோமதி.

சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது. வர மாட்டேன் என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. நேரத்தைக் குறித்து வைக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

"சார், கோமதிக்கும் நான்தான் போட்டேன்," என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். செருப்பில்லை. அங்கியின் நாடா பாதி அவிழ்ந்திருந்தது. இயந்திர அறையின் கதவு திறந்திருந்தது. நடு நெஞ்சுப் பக்கக் கதிரை முடித்து, விலாப் பக்கத்துக்கு இயந்திரத்தைச் சுற்றிவிட்டு, டெக்னீசியன் உள்ளே நின்று வெளிச்சக் கட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

கோமதி சாய்பலகையில் படுத்திருந்தாள். கை தலைக்கு மேல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். காலையில் ஸ்கேல் வைத்து நான் போட்ட நேர்கோடு அங்கே இல்லை. கையைத் தூக்கியதும் விலாத் தோல் மேலேறி இழுபட்டு, அந்தக் கோடு முதுகுப் பக்கமாக வில் போல வளைந்து கிடந்தது. அந்த வில்லின் வயிற்றில், நேரான வெளிச்ச ஓரத்தை அவர் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நான் படுத்துக் கையைத் தூக்கியபோதெல்லாம் என் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கோடு என்ன ஆனது என்பதை அவள் உடம்பில்தான் பார்த்தேன்.

"நிறுத்துங்க. அந்தக் கோடு தப்பு. நான் போட்டது."

கோமதி தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்தாள்.

டெக்னீசியன் முதலில் என்னைப் பார்த்துக் கத்தினார். பிசிசிஸ்ட் வந்ததும், மூன்று நாளாக அந்தக் கோட்டில் பொருத்தியது தான்தான் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும், அப்படியே அடங்கிவிட்டார். கோமதியை இறக்கினார்கள். அவள் ரவிக்கையை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "சத்தியம் பண்ணினீங்கள்ல எக்கா," என்றாள். திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். சாத்தூர் தாண்டி, கோவில்பட்டி வரும்வரை அவள் கழுத்தின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது இது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். அதில் ஊன்றிய எல்லைக்கல் சாயும், நகரும். அதனால் ஒற்றைக் கல்லை நம்பி அளக்கக்கூடாது. அசையாத வேறு கற்களிலிருந்து அளந்து சரிபார்த்த பிறகே கோடு. ஒரு துண்டு நிலத்தின் படத்துக்கு நான் கொடுத்திருக்கும் அந்த மரியாதையை என் தோலுக்குக் கொடுக்கவில்லை. பழைய கோட்டின் துணுக்கைப் பிடித்துக்கொண்டு புதுக் கோடு இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் உர மூட்டைக் கணக்கை மூடி வைத்துவிட்டு, "சொன்னியா, அந்தப் பிள்ளை விஷயத்த?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன் என்றேன். "அப்ப சாப்பிடு," என்றார். சாப்பிட முடியவில்லை. அவரே பிசைந்து உருட்டி என் கையில் வைத்தார்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சிகிச்சை இல்லை. மறுபடி அளவெடுப்பு. ஒரு வாரம் தள்ளும் என்று பயந்தது இரண்டு நாளோடு போயிற்று. வியாழக்கிழமை கோவில்பட்டி பஸ் நிலையத்தில் கழுகுமலை பஸ் வரும் இடத்திலேயே நின்றேன். ஐந்து ஐம்பது, ஐந்து ஐம்பத்தைந்து, ஆறு. கோமதி இறங்கவில்லை. எங்கள் பஸ் கிளம்ப ஹாரன் அடித்தபோது, ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள். வேறு பஸ்ஸில் வந்திருக்கிறாள். என்னைத் தாண்டிப் போய் ஏறினாள். பேசவில்லை. அது போதுமாயிருந்தது எனக்கு.

இந்த முறை டெக்னீசியன் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். "புள்ளியே குத்திருங்க."

ஊசி முனையில் மை தொட்டு நான்கு இடம். எறும்பு கடித்த மாதிரி. பக்கத்துத் திரைக்குப் பின்னால் கோமதிக்குக் குத்திக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் கேட்டது.

"நல்லா ஆழமாக் குத்துங்கம்மா. எக்கா வந்து அழிச்சு வரஞ்சிறப் போறாவ."

நர்ஸ் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அன்று பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமியாக்குத் தெரியாம வரல," என்றாள். "ஒருத்தி செருப்பில்லாம ஓடி வந்து தடுத்தா, அப்ப அந்த வைத்தியத்துல ஏதோ இருக்குன்னு சொன்னேன். போயிட்டு வான்னுட்டாவ."

பிசிசிஸ்ட் மூன்று நாள் கணக்கைத் தனியாகப் போட்டு வைத்திருந்தார். புதுப் படத்தை மேசையில் விரித்தார். மூன்று நாளும் விலாப் பக்கக் கதிர் ஒரு சென்டிமீட்டர் ஆழமாகப் போயிருக்கிறது. அந்த நாட்களில் ஐம்பது சதவீதக் கோடு இதயத்துக்குள் எட்டு அல்ல, பதினாறு மில்லிமீட்டர். இருபத்தைந்து நாளையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்பதையும் வரைந்திருந்தார். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து.

"மீதிப் பன்னிரண்டு நாள்ல இத கழிச்சிர முடியாதா சார்?"

"வாங்கினதை இதயம் திருப்பித் தராதும்மா. இங்க குறைச்சா மார்புல குறையும்."

"கெடுதல் வருமா?"

"பெரிசா வராதுன்னு நினைக்கிறேன். வரவே வராதுன்னு எழுதித் தர மாட்டேன். வந்தாலும் பல வருஷம் கழிச்சுதான் தெரியும். வருஷம் ஒரு தடவை எக்கோ எடுத்துப் பாருங்க." எக்கோ என்றால் ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிப்பது.

"கோமதிக்கு?"

"அவங்களுக்கு விலாப் பக்கக் கதிர் போகவே இல்லையே. உள் பக்கம் ஒண்ணுதான். அந்தக் கோடு சரியாத்தான் இருந்தது. ஒண்ணுமில்ல."

மீதிப் பன்னிரண்டு நாளும் முடிந்தன. கடைசி வாரம் மார்புக்குக் கீழே தோல் கறுத்து உரிந்தது. தேங்காய் எண்ணெய் கூடப் பூசாமல், கொடுத்த களிம்பை மட்டும் பூசிக் காற்றாட இருந்தேன். ஆறு வாரத்தில் ஆறியது. கடைசிச் சரிபார்ப்புப் படத்தில் அந்தக் கறுப்புப் பிறையை நானே அளக்க பிசிசிஸ்ட் விட்டார். ஒன்று புள்ளி ஒன்பது. இரண்டு தடவை அளந்தேன்.

அடுத்த தையில் மகள் கல்யாணம். சம்பந்தியம்மா ஒரு நாள் என் கழுத்துக்குக் கீழே பார்த்து, "அது மச்சமா?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் என் மகள், "அம்மாக்கு மார்ல கட்டி வந்து வைத்தியம் பாத்தப்ப வச்ச குறி அத்தே," என்றாள். சம்பந்தியம்மா, "இப்ப நல்லாருக்கியளா?" என்றார். அவ்வளவுதான் நடந்தது. இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அன்று புள்ளியை வேண்டாமென்றேன்.

வருடம் ஒரு முறை திருநெல்வேலிக்கு எக்கோ எடுக்கப் போகிறேன். முதல் வருடம் தனியாகக் கிளம்பினேன். பஸ் நிலையத்தில் கோமதி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு எதுக்குட்டி? ஒனக்குத்தான் ஒண்ணுமில்லன்னாவளே."

"சும்மா பாத்துக்கிடுவோம். நீங்க ஒத்தைல போயி, அங்கன ஸ்கேல வச்சு அளந்துக்கிட்டு உக்காந்திருப்பிய," என்றாள்.

இது ஐந்தாவது வருடம். போன மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். நான்கு வருடத்துத் தாள்களையும் தேதிப்படி கோத்து எடுத்துப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் அவற்றை விரித்து, மூடி, மறுபடி விரித்தேன். கோமதி முதலில் போய் வந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. என் மடியிலிருந்த கோப்பைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ப் படுக்கையில் இடப்புறம் சாய்ந்து படுத்தேன். கருவியைக் கையில் எடுத்த பெண், கையை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் சொல்வதற்குள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.